வராத நாளின் விலை

வ.உ.சி. என்றதும் நமக்குக் கப்பல் ஞாபகம் வரும், அடுத்து செக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு லீவு பிரச்சினை இருந்தது. பாடப்புத்தகத்தில் அது ஒரு வரியோடு முடிந்துவிடும்.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஹார்வி கம்பெனியின் மில் அது. (தூத்துக்குடி அப்போது திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1986-ல்.) விடியும் முன்னால் உள்ளே போய் இருட்டிய பிறகு வெளியே வருகிற வேலை. அவர்கள் கேட்டது கூலி உயர்வு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அவசரத்துக்கு லீவு. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கபலமாக நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது, வேலை நேரத்தைக் குறைத்தது, ஞாயிற்றுக்கிழமை லீவுக்கும் ஒத்துக்கொண்டது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கு. 1891-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே வார ஓய்வு வந்துவிட்டது. அதற்கு முந்தின வருஷம், 1890 ஜூன் 10-ல், நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் போராடிய பம்பாய் மில் தொழிலாளர்கள் தங்கள் முதலாளிகளிடம் ஞாயிறு லீவை வாங்கியிருந்தார்கள். அதாவது சட்டம் வந்து 17 வருஷம் கழித்தும் தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமைக்காக ஸ்டிரைக் பண்ண வேண்டியிருந்தது.

வேலைக்கு வராத ஒரு நாளுக்கு என்ன விலை என்பதைப் பிடித்துக்கொண்டு நம்ம தாமிரபரணிக் கரையின் தொழில் வரலாற்றைப் படித்தால், சம்பளக் கணக்கைவிட அதிகமாகவே நிறைய விஷயம் தெரிகிறது. படித்தவற்றைத் தொகுத்து வைக்கிறேன்.

வாய்க்காலும் ஜெயிலும்

மில் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து செய்த வேலை வாய்க்கால் வேலை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் பிரிட்டிஷார் கட்டியது, மற்ற ஏழும் பழையவை. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களில் வண்டல் எடுக்கணும், கரை போடணும். நீர் பாயும் ஊர்க்காரர்கள் தங்கள் பங்குக்கு ஆள் வர வேண்டும் என்பது வழக்கம். அதுதான் குடிமராமத்து.

வராதவனை என்ன செய்வது? 1858-ல் மெட்ராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் இதற்கு ஒரு விலை வைத்தது. வழக்கப்படி வர வேண்டிய ஆள் தகுந்த காரணம் இல்லாமல் வரவில்லை என்றால், அவர் செய்ய வேண்டிய வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு கட்டணும்.

அடுத்த வருஷமே இன்னொரு சட்டம் வந்தது. தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம், 1859-ன் 13-வது சட்டம். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியை மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வேலையை முடி என்று அவர் உத்தரவு போடுவார். அதையும் மீறினால் மூன்று மாதம் வரை ஜெயில். முதலில் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய் நகரங்களுக்கு என்று வந்த சட்டம் மற்ற இடங்களுக்கும் நீட்டிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளுக்கு அது ரொம்ப வசதியாகப் போனது.

ரெண்டு சட்டத்துக்கும் ஒரு வருஷம்தான் இடைவெளி. நிலத்துக்காக வாய்க்கால் வெட்ட வர வேண்டியவன் வராவிட்டால் இரட்டிப்புப் பணம், முன்பணம் வாங்கிய கூலி வராவிட்டால் ஜெயில். வராமை என்ற செயல் ஒன்றுதான். வராதது யார் என்பதைப் பொறுத்து விலை மாறியது. இந்த 1859 சட்டம் 1926 வரை உயிரோடு இருந்தது.

பேர், அரைப்பேர்

இந்தச் சட்டங்கள் சாதாரண வாழ்க்கையில் எப்படி இறங்கின என்று பார்க்கத் தோட்டங்களுக்குப் போகணும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குக் கப்பலேறிப் போனவர்கள் ஏராளம். (வ.உ.சி. தன் கப்பலை விட்டதும் இதே தூத்துக்குடி–கொழும்பு பாதையில்தான்.) ஆனைமலைக்குப் போனவர்களும் உண்டு. டாக்டர் பி.எச்.டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவலின் கருப்பனும் வள்ளியும் நம்ம ஜில்லாவிலிருந்து வால்பாறைப் பக்கம் போனவர்கள்தான்.

தோட்டத் தமிழில் ஒரு நாள் வேலைக்குப் பெயரே 'பேர்'. காலையில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் பெரட்டுக்களம். பரேடு என்பது பெரட்டு ஆகியிருக்கிறது. அங்கே பேர் எழுதும் நோட்டு செக்ரோல். முழு நாள் வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து எடை குறைந்தாலோ பாதியில் போனாலோ அரைப்பேர். யோசித்துப் பாருங்கள், அரைப்பேர் வாங்கியவர் பல நேரம் நாள் முழுக்க மலையில்தான் நின்றிருப்பார். ஆள் வந்தாரா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு செய்தார் என்பது வேறு கேள்வி. செக்ரோலில் ரெண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிட்டார்கள். குறை எதுவாக இருந்தாலும் அது வராத அரை நாளாகத்தான் பதிவாகும்.

இலங்கைத் தோட்டங்களில் கங்காணிக்கு வருமானம் வந்த வழியும் இந்த நோட்டோடு கட்டப்பட்டிருந்தது. தன் கூட்டத்தில் வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் நாள் கணக்கில் கங்காணிக்குச் சில காசு கிடைக்கும். தலைக்காசு என்பார்கள். லயத்தில் காய்ச்சலோடு படுத்திருப்பவனை எழுப்பிக் கூட்டிவர கங்காணிக்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. இப்போது நாம் அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் என்று சொல்வதை அங்கே மேற்பார்வைக்காரனுக்குக் கொடுத்தார்கள், வேலை செய்தவனுக்குக் கொடுக்கவில்லை.

தோட்டத்தை விட்டுப் போவதும் எளிதில்லை. கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறையையும், தொழிலாளர் மீதான குற்றவியல் தண்டனைகளையும் 1921-ல் இலங்கைச் சட்டம் ஒழித்தது.

நம்ம மலைக்குத் தேயிலை பிறகுதான் வந்தது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 வருஷக் குத்தகைக்குப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படி உருவான குடியிருப்புகள்.

சங்கும் பதிலியும்

மலையடிவாரத்தில் மில். பாபநாசம் அருவியின் தண்ணீர் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1885-ல் தொடங்கியது. இன்றைக்கு விக்கிரமசிங்கபுரம் என்ற ஊர் இருக்கும் இருப்பே அந்த மில்லால் வந்தது. தோட்டத்தில் கங்காணி செய்த வேலையை மில்லில் சங்கு செய்யும். சங்கு ஊதி கேட் அடைத்துவிட்டால் அன்றைய கூலி போச்சு.

வேலைக்கு வராதவன் இடத்தை நிரப்ப இந்திய மில்கள் கண்டுபிடித்த ஏற்பாடு பதிலி. காலையில் கேட்டில் ஒரு கூட்டம் நிற்கும். உள்ளே எத்தனை ஆள் குறைகிறதோ அத்தனை பதிலி உள்ளே போவான். ஒருத்தன் வராத நாள்தான் இன்னொருத்தனுக்குச் சோறு. அவன் வந்துவிட்டால் பதிலி வீட்டுக்குத் திரும்பணும். வருஷக்கணக்கில் இப்படியே ஓட்டியவர்கள் உண்டு.

அந்தக் காலத்து மேனேஜர்கள் எழுதியவற்றில் ஒரு புலம்பல் திரும்பத் திரும்ப வரும். இந்தியத் தொழிலாளி ஒழுங்காக வருவதில்லை, ஊர் நினைப்பிலேயே இருக்கிறான் என்று. நம்ம ஊர்க் கணக்கில் பாருங்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையன் கோவில், ஊர்க் கொடை, நெல் அறுப்பு, ஒரு சாவு, ஒரு கல்யாணம். மேனேஜருக்கு இவையெல்லாம் ஆப்சென்ட். தொழிலாளிக்கு வருஷம் என்பதே இவைதான். 1929-ல் அமைத்து 1931-ல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷன் இதைச் சரியாகப் பிடித்தது. ஊருக்குப் போகிறவனைத் தடுக்காதீர்கள், லீவு கேட்டுப் போகச் சொல்லுங்கள், திரும்பி வந்தால் அதே வேலை உண்டு என்ற உறுதியைக் கொடுங்கள் என்பதுதான் அதன் யோசனையின் சாரம். இதைச் சொல்ல ஒரு ராயல் கமிஷன் வேண்டியிருந்தது!

இதே காலத்தில் அமெரிக்காவில் இந்த வேலையைக் கடிகாரத்திடம் கொடுத்துவிட்டார்கள். நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் என்ற ஊரில் வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் 1888-ல் ஆள் வரும் நேரத்தைப் பதிக்கும் கடிகாரம் ஒன்றைச் செய்தார். அதை வைத்து வந்த கம்பெனி 1900-ல் இன்டர்நேஷனல் டைம் ரெக்கார்டிங் கம்பெனிக்குள் போனது. 1911-ல் அது வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்தது. சேர்ந்த கம்பெனிக்கு 1924-ல் வைத்த பெயர் ஐ.பி.எம். நாங்கள் கும்பிடும் கம்ப்யூட்டர் குலதெய்வங்களில் ஒன்றின் பூர்வீகம் அட்டெண்டன்ஸ் மெஷின்!

ஒருத்தன் வராவிட்டால், பத்து பேர் வராவிட்டால்

கோரல் மில்லுக்குத் திரும்பி வருவோம். ஸ்டிரைக் ஜெயித்த சில நாளில், மார்ச் 12-ல், வ.உ.சி.யைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலைக்குப் போகவில்லை. இந்தத் தடவை கூலிக்காகவும் இல்லை, லீவுக்காகவும் இல்லை.

ஒருத்தன் வரவில்லை என்றால் சோம்பேறி, எல்லாரும் சேர்ந்து வரவில்லை என்றால் அரசியல். சட்டத்துக்கும் இந்த வித்தியாசம் தெரியும். 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். வராத நாளுக்கு, வராத அளவுக்கு மட்டுமே சம்பளத்தைப் பிடிக்கலாம் என்கிறது. ரொம்ப நியாயம். இரட்டிப்பு கிடையாது, ஜெயில் கிடையாது. ஆனால் உடனே ஒரு விதிவிலக்கு. 10 பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் வராவிட்டால், ஒப்பந்தத்தில் அப்படி இருக்கும் பட்சத்தில் ஆளுக்கு 8 நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். சேர்ந்து எடுக்கும் லீவுக்கு விலை எட்டு மடங்கு வரை போகும்.

240

சுதந்திரத்துக்குப் பிறகு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரின் குணம் மாறியது. அதுவரை அது பிடிப்பதற்கான நோட்டு. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், குறிப்பாக அதன் 1954 திருத்தம், அதைக் கொடுப்பதற்கான நோட்டாகவும் ஆக்கியது. ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் அடுத்த வருஷம் சம்பளத்தோடு லீவு.

அந்தப் பிரிவில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. 240 நாள் கணக்குப் பார்க்கும்போது, பிள்ளை பெற்ற பெண்ணின் பேறுகால விடுப்பு 12 வாரம் வரை வேலை செய்த நாளாகவே எண்ணப்படும். வேலை இல்லாமல் நிறுவனமே நிறுத்தி வைத்த நாட்களும் அப்படித்தான். 1859-ல் வராத நாள் குற்றம். நூறு வருஷத்துக்குள் சில வராத நாட்களை வந்த நாளாக எழுது என்று சட்டம் சொல்லுகிறது. இது சின்ன தூரம் இல்லை.

அதன்பிறகு நாள் கணக்கு உரிமைக் கணக்காகவே ஆகிவிட்டது:

- போனஸ் கேட்க அந்த வருஷத்தில் 30 நாள் வேலை செய்திருக்கணும்.
- பேறுகால உதவிக்குப் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள்.
- பணிக்கொடையில் ஒரு வருஷம் தடையில்லாத வருஷமாக எண்ணப்பட பொதுவாக 240 நாள்.
- தமிழ்நாட்டின் 1981-ம் வருஷத்துச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரத் தொழிலாளி.

நான் சில வருஷம் சம்பள மென்பொருள் எழுதியவன். உள்ளே இருந்து பார்த்தால் இந்த எண்கள் அத்தனையும் ஒரே அட்டவணையில் போய்த்தான் நிற்கும். ஆள் எண், தேதி, வந்தார் அல்லது வரவில்லை. அந்த மூணாவது கட்டத்தில் ஒரு எழுத்து மாறினால் ஒருத்தரின் நிரந்தர வேலை மாறிவிடும். அப்படியானால் அந்தக் கட்டத்தில் எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி.

நோட்டு யார் கையில்?

240 என்று சட்டம் சொன்னதும் 239 என்ற எண்ணுக்கும் மதிப்பு வந்துவிட்டது. இடையில் நாலு நாள் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டு மறுபடி புதுசாகச் சேர்ப்பது, பெயரை மாற்றி எழுதுவது, பதிலியாகவே வருஷக்கணக்கில் வைத்திருப்பது. நிரந்தர உரிமையைத் தடுப்பதற்காகப் பதிலியாக, தற்காலிகமாக வருஷக்கணக்கில் வைத்திருப்பதைத் தொழில் தகராறுச் சட்டத்தின் 1982 திருத்தம் நியாயமற்ற தொழில் நடைமுறை என்று பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்க்கும் அளவுக்கு அது நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பீடியைப் பாருங்கள். முக்கூடல், மேலப்பாளையம், கடையம், ஆலங்குளம் என்று நம்ம பக்கத்துத் திண்ணைகள் பூராவும் பீடி சுற்றும் பெண்கள். இங்கே சங்கும் இல்லை, கேட்டும் இல்லை. இலையும் தூளும் வாங்கி வீட்டில் சுற்றிக் கொண்டுபோய்ப் போடணும். 1966-ம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று ஏற்று லீவும் கொடுத்தது. ஆனால் வீட்டில் இருப்பவருக்கு அட்டெண்டன்ஸ் எப்படி எடுப்பது? பாஸ்புக்தான் அட்டெண்டன்ஸ். மூணு பேர் சுற்றுகிற வீட்டில் ஒருத்தர் பேரில்தான் புக் இருக்கும். மற்ற ரெண்டு பேர் எத்தனை ஆயிரம் பீடி சுற்றினாலும் நோட்டுக்கணக்கில் அவர்கள் ஒரு நாளும் வேலைக்கு வராதவர்கள்.

நோட்டு இல்லாதவர் கோர்ட்டுக்குப் போனால்? 2002-ல் கர்நாடக வனத்துறைத் தினக்கூலித் தொழிலாளி ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது, அவருடைய பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது என்றது. 2005-ல் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம் கொஞ்சம் இறங்கி வந்தது. பொறுப்பு தொழிலாளியுடையதுதான், ஆனால் தினக்கூலிக்காரருக்கு நியமன உத்தரவும் கிடையாது சம்பள ரசீதும் கிடையாது, ஆகவே மஸ்டர் ரோலைக் கொண்டுவரச் சொல்லி அவர் முதலாளியைக் கேட்கலாம் என்றது. அதாவது தன் வாழ்க்கைக் கணக்கை எதிராளியின் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டணும்.

இப்போது

மாஞ்சோலைத் தொழிலாளர்கள் 1999-ல் கூலி உயர்வுக்காகப் போராடினார்கள். சிறையில் இருந்த தோழர்களை விடுவிக்கச் சொல்லி ஜூலை 23-ல் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடி நடந்தது. 17 பேர் இறந்தார்கள், பலர் தாமிரபரணியில் மூழ்கி. சேர்ந்து வேலைக்குப் போகாமல் இருந்ததற்கு இந்த ஆற்றங்கரை கொடுத்த விலைகளில் மிகப் பெரியது அதுதான். 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று அறிவித்துத் தோட்ட வேலையை முடித்துக்கொண்டது. தலைமுறைகளாக மலையில் இருந்தவர்களுக்கு நிலமும் சொந்தமில்லை, வீடும் சொந்தமில்லை. அவர்கள் அங்கே உழைத்த வருஷங்களுக்குக் கணக்குச் சொல்லும் ஆவணம் செக்ரோல்தான். பணிக்கொடையின் ஒவ்வொரு ரூபாயும் அதில் விழுந்த பேர்களிலிருந்து வருவது.

கீழே வாய்க்காலில் நூறு நாள் வேலை. 2023 ஜனவரி 1 முதல் அங்கே செல்போன் செயலியில்தான் வருகைப் பதிவு கட்டாயம் என்றார்கள். வேலையிடத்தில் ஒரு நாளைக்கு ரெண்டு போட்டோ. இருக்கும் இடமும் அதிலேயே பதிவாகும். போலிப் பெயர்களைத் தடுக்க இது தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மென்பொருள்காரனாக ஒன்று கேட்பேன். சிக்னல் கிடைக்காமல் ரெண்டாவது போட்டோ ஏறவில்லை என்றால், மண் சுமந்த அந்த அம்மாவின் நாள் என்ன ஆகும்? வரவில்லை என்று மெஷின் எழுதினால், வந்தேன் என்று அவர் எங்கே எழுதுவார்? அரைப்பேர் போட்ட செக்ரோலிலும் இதே குறைதான். ஒரு பக்கம் மட்டும் எழுதும், மறுபக்கத்துக்குத் திருத்தும் வழி கிடையாது.

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, சம்பள லீவுக்கான 240 நாளை 180 ஆகக் குறைக்கிறது. நல்ல விஷயம். ஆனால் 240 ஆனாலும் 180 ஆனாலும், எண்ணியதைத் தொழிலாளியும் பார்க்க முடியாவிட்டால் அந்தக் குறைப்பால் பெரிய பலன் இராது. இதைப் படிக்கிறவர்களில் அட்டெண்டன்ஸ் மென்பொருள் செய்கிறவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். மேனேஜருக்கு நூறு ரிப்போர்ட் கொடுங்கள். கூடவே, என் கணக்கில் இன்றுவரை எத்தனை நாள் என்று தொழிலாளி தானே பார்க்கவும், தப்பு இருந்தால் ஆட்சேபம் பதியவும் ஒரு பக்கம் வையுங்கள். வேலை பார்க்கிறவர்கள் ஒரு காலண்டரில் வந்த நாளைக் குறித்து வைத்து, சம்பளச் சீட்டைக் கிழிக்காமல் பத்திரப்படுத்துங்கள். நாளைக்குக் கோர்ட்டில் அதுதான் பேசும்.

பாபநாசம் மில் பற்றித் தனியாக எழுதும் அளவுக்கு விஷயம் இருக்கிறது. அது அடுத்த பதிவில்.